எஞ்சின் மாற்றமும் எண்ணெய்க் குளிர்விப்பானும்

மகிந்திரா நிறுவனத்தார் 1947-ஆம் ஆண்டில் வில்லிஸ் ஜீப் வண்டியின் பாகங்களை வெளிநாட்டிலிருந்து தருவித்து நம் நாட்டில் பொருத்தத் தொடங்கினர். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வண்டிகள் பின்னர் பல பத்தாண்டுகள் காடுகளிலும் மலைகளிலும் அணைக்கட்டு வேலைத்தளங்களிலும் உழைத்தன. அவற்றுள் பலவற்றின் கூடும் அச்சும் இன்றும் உறுதியாக இருக்கின்றன. எஞ்சின் மட்டுமே ஓய்ந்துபோயிற்று. ஆகையால் பழைய பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் டீசல் எஞ்சின் ஒன்றை வைத்து ஓட்டும் வழக்கம் நாடெங்கும் பரவியுள்ளது. இவ்வேலையில் கியர்ப்பெட்டி இணைப்பு, எஞ்சின் தாங்கிகள், ரேடியேட்டர் ஆகியவற்றின் மீது பட்டறையினர் மிகுந்த கவனம் செலுத்துகின்றனர். கடைசி நாளன்று, வண்டியை ஒப்படைக்கும் அவசரத்தில், ஏதோ ஒரு மூலையில் செருகப்படும் உறுப்பு ஒன்று உண்டு. அதுவே பட்டறைகளில் ‘ஆயில் கூலர்’ என வழங்கும் எண்ணெய்க் குளிர்விப்பான். அதனைப் பொருத்துவதில் நேரும் பிழை முதல் நாளில் தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு பேரிங்குகள் தேய்ந்து, புதிதாக வைத்த எஞ்சினே பழுதாகும்போதுதான் வெளிப்படும்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றைக் கூறிவிடுவது நலம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றிதழுக்கும் வேறுபாடு உண்டாகுமாறு வாகனத்தை உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றுதல் கூடாது. எஞ்சின் எண்ணும் எரிபொருளின் வகையும் சான்றிதழில் பதிவானவை. எனவே பதிவு அதிகாரியிடம் கேட்டறிந்து, உரிய அனுமதி பெற்ற பின்னரே எஞ்சினை இறக்க வேண்டும். இலாகா வண்டியாயின் இலாகாவின் எழுத்து மூலமான உத்தரவும் தேவை.

எண்ணெய் ஏன் சூடாகிறது?

எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வேலையாக மாறுகிறது. டீசலில் சற்று அதிகம். எஞ்சியதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும், ரேடியேட்டர் நீர் வழியாகவும் வெளியேறுகிறது. ஒரு சிறு பகுதியை மசகு எண்ணெய் ஏற்றுக்கொள்கிறது. எண்ணெயின் வேலை வழவழப்பூட்டுவது மட்டுமே என்று மாணவர் எண்ணுவதுண்டு. நீர் செல்ல முடியாத இடங்களுக்கு எண்ணெயே செல்கிறது. கிராங்க் ஷாப்ட் பேரிங்குகளில் உராய்வினால் தோன்றும் வெப்பத்தையும், பிஸ்டனின் அடிப்பாகத்திலிருந்து இறங்கும் வெப்பத்தையும் அதுவே அகற்றுகிறது.

பழைய ஜீப்பிலிருந்த ‘ஹரிக்கேன்’ பெட்ரோல் எஞ்சின் 134 கன அங்குலம், அதாவது சுமார் 2.2 லிட்டர் கொள்ளளவுடையது. அது நிதானமாகச் சுழலும் எஞ்சின். அதன் சம்ப்பின் மீது வீசும் காற்றே எண்ணெயைக் குளிர்விக்கப் போதுமாயிருந்தது. தனிக் குளிர்விப்பான் தேவைப்படவில்லை. டர்போ பொருத்திய டீசல் எஞ்சினின் நிலைமை வேறு. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலாகச் சுழலக்கூடியது. அது எண்ணெய்ப் படலத்தின் மீதே மிதக்கிறது. அதன் ஒருபுறம் கொதிக்கும் புகைவாயு. அன்றியும், இவ்வகை எஞ்சின்கள் பலவற்றில் சிறு பீச்சு குழல்கள் பிஸ்டனின் அடியில் இடைவிடாது எண்ணெயைத் தெளிக்கின்றன. இவ்வாறு எண்ணெயின் மீது வெப்பச்சுமை பன்மடங்கு கூடுவதால், உற்பத்தியாளரே எஞ்சின் பிளாக்கின் பக்கத்தில் குளிர்விப்பான் ஒன்றை வைத்து அனுப்புகின்றனர்.

இங்கேதான் முதற் பிழை நேர்கிறது. ஜீப்பின் எஞ்சின் அறை குறுகியது. பிளாக்கின் பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் குளிர்விப்பானும் ஃபில்டரும் ஸ்டியரிங் பெட்டியிலோ சேஸிஸ் சட்டத்திலோ இடிக்கும். “பழைய எஞ்சினுக்கு இது இல்லையே, இதற்கு மட்டும் எதற்கு?” என்று சொல்லி அதைக் கழற்றி, துவாரங்களை ஒரு தகட்டினால் அடைத்துவிடுகின்றனர். குளிர்விப்பான் வண்டியைச் சேர்ந்ததன்று, எஞ்சினைச் சேர்ந்தது. எஞ்சின் எங்கு சென்றாலும் அதுவும் உடன் செல்ல வேண்டும். இடமில்லையெனில் வேறிடத்தில் வைத்துக் குழாய் மூலம் இணைக்க வேண்டுமேயன்றி, நீக்கிவிடலாகாது.

ஒரு சிறு கணக்கு

ஆசிரியர்கள் கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டலாம். குளிர்விப்பான் வழியே நிமிடத்துக்கு 20 லிட்டர் எண்ணெய் பாய்வதாகக் கொள்வோம். சூடான எண்ணெயின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 0.85 கிலோகிராம்; ஆகவே பாயும் எடை 17 கிலோகிராம். எண்ணெயின் தன்வெப்பம் நீரின் தன்வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி, அதாவது 2.1 கிலோஜூல். எண்ணெய் 10 டிகிரி குளிர்ந்து வெளிவருமானால், 17 × 2.1 × 10 = 357 கிலோஜூல் வெப்பம் ஒரு நிமிடத்தில் வெளியேறுகிறது. இதை 60-ஆல் வகுத்தால் சுமார் 6 கிலோவாட். வீட்டில் வெந்நீர் போடும் 2 கிலோவாட் மின்கலன் மூன்று சேர்ந்து வெளியிடும் வெப்பம் இது. கையகலமுள்ள ஓர் உறுப்பைக் கழற்றி எறிவதால் என்ன வந்துவிடும் என்று கேட்பவருக்கு இக்கணக்கே விடை.

அவ்வளவு வெப்பமும் எண்ணெயிலேயே தங்கினால் விளைவதென்ன? இந்தியாவில் பரவலாகப் பயன்படும் 15டபிள்யூ-40 வகை எண்ணெயின் பாகுநிலை 40 டிகிரி சென்டிகிரேடில் சுமார் 110 அலகு. 100 டிகிரியில் 14 அல்லது 15 அலகுதான். அதற்கு மேலும் சூடேற ஏற, எண்ணெய் நீர்போலாகி, தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையிலுள்ள படலம் மெலிகிறது. எண்ணெய் அழுத்தமும் குறைகிறது. உலோகமும் உலோகமும் தொடும் நிலை அண்மிக்கிறது. அத்துடன், உயர்ந்த வெப்பநிலையில் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெய் ஆக்ஸிஜனுடன் கூடிக் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது என்பது பொறியாளர் கைக்கொள்ளும் விதி. பெரும்பாலான எஞ்சின்களுக்கு 90 முதல் 110 டிகிரி வரை நலமான எல்லை. 130 டிகிரியைத் தாண்டியதும் வண்டியை நிறுத்துதல் நன்று.

குளிர்வதும் தீமையே

குளிர்விப்பான் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நன்று என எண்ணுவது இரண்டாவது பிழை. எண்ணெய் 80 டிகிரிக்குக் கீழேயே எப்போதும் இருந்தால், எரிதலில் உண்டாகும் நீராவியும் எரியாத எரிபொருளும் அதிலிருந்து ஆவியாகிப் போவதில்லை. அவை எண்ணெயோடு கலந்து சேறாகப் படிகின்றன. தடித்த எண்ணெயைத் தள்ளுவதில் சக்தியும் வீணாகிறது.

நம் நாட்டின் விஸ்தீரணத்தை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். ராஜஸ்தானத்திலுள்ள பலோடியில் 2016-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி 51 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. லடாக்கிலுள்ள திராஸிலோ, குளிர்கால இரவுகளில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 20 டிகிரிக்கும் இறங்குவதுண்டு. ஒரே வகை எஞ்சின் இரண்டிடத்திலும் ஓட வேண்டும். அன்றியும் உயரம் செல்லச் செல்லக் காற்று மெலிகிறது; 4,000 மீட்டர் உயரத்தில், அதாவது ரோத்தங் கணவாயின் உயரத்தையொட்டி, காற்றின் அடர்த்தி கடல்மட்டத்திலுள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. அதே விசிறி, அதே வேகத்தில் சுழன்றாலும் குறைந்த நிறையுள்ள காற்றையே தள்ளுகிறது. முதல் கியரில் மெதுவாக ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்றும் கிடைப்பதில்லை. வெளியே குளிர்ந்திருப்பினும் ஏற்றத்தின் பாதியில் எண்ணெய் சூடேறக் காரணம் இதுவே.

ஆகையால் காற்றினால் குளிரும் குளிர்விப்பானைப் புதிதாக வைப்போர் அதனுடன் எண்ணெய்த் தெர்மோஸ்டாட் ஒன்றையும் வைத்தே தீர வேண்டும். இது சுமார் 80 டிகிரி வரை எண்ணெயைக் குறுக்கு வழியில் திருப்பி அனுப்பி, அதன் பின்னரே குளிர்விப்பானுக்குள் விடும். செலவை எண்ணி இதைத் தவிர்ப்போர், பனிக்காலத்தில் குளிர்விப்பானின் முன் அட்டையைக் கட்டி மறைப்பதைக் காணலாம். அது மறந்துபோகும் வரையில் பயன்தரும் உபாயம்.

இருவகைக் குளிர்விப்பான்கள்

ஒன்று, எஞ்சின் நீரினால் எண்ணெயைக் குளிர்விப்பது. மெல்லிய தகடுகளை அடுக்கி, ஓர் இடைவெளியில் எண்ணெயும் அடுத்ததில் நீரும் ஓடுமாறு செய்திருப்பர். காலையில் நீர் முந்திச் சூடேறுவதால் இது எண்ணெயை முதலில் சூடாக்கவும் செய்கிறது, பின்னர்க் குளிர்விக்கிறது. இடமும் குறைவாகவே கொள்ளும். எஞ்சினுடன் வந்த குளிர்விப்பான் இவ்வகையாயின், இயன்றவரை அதையே வைத்துக்கொள்வது அறிவுடைமை. ஆனால் எண்ணெய் கொடுக்கும் வெப்பம் முழுவதும் இப்போது ரேடியேட்டரையே சேரும். பழைய பெட்ரோல் எஞ்சினுக்கென அமைந்த ரேடியேட்டர் இச்சுமையைத் தாங்காது. ரேடியேட்டரை மாற்றாமல் எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு, வண்டி கொதிக்கிறதென்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது பல பட்டறைகளில் வழக்கமாயிருப்பது வருந்தத்தக்கது.

மற்றொன்று, ரேடியேட்டரைப் போன்ற துடுப்புகளுடன் முன்புறம் நின்று காற்றினால் குளிர்வது. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 411 கன சென்டிமீட்டர் ஹிமாலயன் மோட்டார் சைக்கிளின் முன்புறத்தில் இவ்வகைச் சிறு குளிர்விப்பானைக் காணலாம். சாலையில் நிற்கும் அவ்வண்டியையே மாணவருக்குக் காட்டிப் பாடம் நடத்தலாம். ஜீப்பில் இதனை ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டி வைத்தால் ரேடியேட்டருக்குச் சூடான காற்றே செல்லும். டர்போவுக்கான இன்டர்கூலரும் அங்கேயே இடம் கேட்கும். முடிந்தால் ரேடியேட்டரின் ஓரத்தில், அதன் பரப்பில் சிறு பகுதியை மட்டும் மறைக்குமாறு வைப்பது மேல். குழாய் வாய்கள் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். கீழ்நோக்கி வைத்தால் மேற்புறத்தில் காற்று சிக்கிக்கொள்வதோடு, எஞ்சின் நின்றதும் எண்ணெய் வடிந்து, மறுநாட் காலையில் பேரிங்குகள் எண்ணெயின்றிச் சில நொடிகள் சுழலவும் நேரும். ஜீப்பின் முன் அச்சு குழியில் விழும்போது எவ்வளவு மேலெழும்புகிறது என்பதை அளந்து, அந்த எல்லைக்கு வெளியே குழாய்களைக் கொண்டுசெல்ல வேண்டும்.

குழாயும் மரையும்

குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது எண்ணெய் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோகிராமுக்கு மேலும் ஏறக்கூடும். ரேடியேட்டர் நீர்க்குழாயை வெட்டி, பட்டைக் கிளிப் போட்டு இறுக்கி எண்ணெய்க் குழாயாகப் பயன்படுத்துவோர் உளர். அந்த ரப்பர் நீருக்கென ஆனது. தாது எண்ணெய் பட்டதும் உப்பி, மிருதுவாகி, ஒருநாள் கழன்றுவிடும். ஓடும் எஞ்சினின் பம்ப்பு ஒரு நிமிடத்துக்குள் சம்ப்பை வற்றச் செய்துவிடும். பீறிட்ட எண்ணெய் சிவக்கக் காய்ந்த டர்போவின் மேல் விழுந்தால் வண்டியே தீப்பற்றும். ஆகவே எண்ணெய்க்கென்று செய்யப்பட்ட, இழைப்பின்னல் உள்ள, முனைகள் யந்திரத்தினால் அழுத்திப் பொருத்தப்பட்ட குழாய்களையே வாங்க வேண்டும். உள்விட்டம் 12 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. எஞ்சின் தன் ரப்பர்த் தாங்கிகளின் மேல் ஆடுவதாலும், குளிர்விப்பான் சட்டத்தோடு அசையாது நிற்பதாலும், குழாய்க்குச் சிறிது தளர்ச்சி விட்டே பொருத்த வேண்டும்.

மரையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்க அமைப்பைச் சேர்ந்த பழைய ஜீப்பில் அங்குல மரைகள். புதிய எஞ்சின்களில் பெரும்பாலும் மெட்ரிக் மரைகள். முக்கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 16 மரையும் கொண்ட தண்டின் விட்டம் 19.05 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.59 மில்லிமீட்டர். எம்-20 என்னும் மெட்ரிக் மரையின் விட்டம் 20 மில்லிமீட்டர், இடைவெளி 1.5. இவ்விரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும். மெட்ரிக் மரையுள்ள ஃபில்டர் அல்லது இணைப்பை அங்குலத் தண்டின் மேல் திருகினால் அது தடையின்றி ஏறிவிடும்; இறுகியதுபோலவும் இருக்கும். உண்மையில் மரையின் நுனிகளே பற்றியிருக்கும். முதற் குளிர்காலைப் புறப்பாட்டில், அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது, அது தெறித்துவிடும். மரை அளவியை வைத்துப் பார்க்காமல் எந்த இணைப்பையும் திருகலாகாது. கூம்பு மரை கொண்ட குழாய் நிப்பிளை அலுமினிய உறைக்குள் வலிந்து திருகினால் உறை பிளக்கும். அங்கே நேர்மரையும் வாஷரும் உள்ள இணைப்பே தகுதி.

குழாய்களைத் திசை மாற்றி இணைப்பதும் அடிக்கடி நேரும் தவறு. குளிர்விப்பானில் மட்டுமானால் எண்ணெய் எப்பக்கமிருந்து வந்தாலும் பெரும்பாலும் குறையில்லை. ஆனால் ஃபில்டரையும் இடம் மாற்றி வைத்திருந்தால் திசை உயிர்நிலையாகும். ஃபில்டரினுள் எண்ணெய் பின்னோக்கி வடியாதபடி காக்கும் ரப்பர் வால்வு ஒன்றுண்டு. திசை மாறினால் அதுவே கதவடைத்து எண்ணெயைத் தடுக்கும். பம்ப்பிலிருந்து வரும் எண்ணெய் முதலில் குளிர்விப்பானுக்கும், அதன்பின் ஃபில்டருக்கும், அதன்பின் பேரிங்குகளுக்கும் செல்லுமாறு அமைப்பதே நன்று. அப்போது குளிர்விப்பானிலிருந்து தப்பி வரும் துகளையும் ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். அழுத்தமானியின் முனை எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். குளிர்விப்பானுக்கு முன்னால் இருந்தால் அது பம்ப்பின் அழுத்தத்தைக் காட்டுமேயன்றி, பேரிங்குக்குச் சென்றடையும் அழுத்தத்தைக் காட்டாது; குளிர்விப்பான் அடைபட்டிருந்தாலும் முள் அழகாக நிமிர்ந்தே நிற்கும்.

பழைய குளிர்விப்பானை மீண்டும் வைக்கலாமா?

செலவு குறைவதால் பழைய இரும்புச் சந்தையில் எஞ்சினுடன் சேர்த்துக் குளிர்விப்பானையும் வாங்குவது இயல்பு. முந்தைய எஞ்சின் ஏன் கழற்றப்பட்டது என்பதே இங்கு கேட்க வேண்டிய கேள்வி. பேரிங் பொடிந்து நின்ற எஞ்சினாயின், அந்த உலோகத்தூள் எண்ணெயுடன் சென்று குளிர்விப்பானின் நுண்ணிய இடைவெளிகளில் படிந்திருக்கும். டீசல் ஊற்றிக் குலுக்கினால் முதலில் கறுப்பாகவும் பின் தெளிவாகவும் வெளிவரும். சுத்தமாயிற்றென்று மனம் சமாதானமடையும். ஆனால் உள்ளே வழிகள் பல. தூர்ந்துபோன வழியில் திரவம் செல்லாமல் திறந்திருக்கும் வழியிலேயே ஓடுகிறது. தூர்ந்த இடத்திலுள்ள தூள் பின்னர் சூட்டினாலும் அதிர்ச்சியினாலும் சிறிது சிறிதாக இளகிப் புது எஞ்சினுக்குள் வரும். ஆகவே அத்தகைய குளிர்விப்பானை எடைக்குப் போட்டுவிட்டுப் புதியதை வாங்க வேண்டும். பழைய குழாய்களுக்கும் இதுவே விதி. ஒரு குளிர்விப்பானின் விலை கிராங்க் ஷாப்டைக் கடைந்து பேரிங் மாற்றும் செலவுக்கு முன் அற்பமே.

எஞ்சின் நன்கு ஓடிய நிலையில் கழற்றப்பட்டிருந்தால், குளிர்விப்பானை இரு திசையிலும் மாறி மாறிக் கழுவி, ஒரு வாயை அடைத்து, நீரில் மூழ்கவைத்து, மிதமான காற்றழுத்தம் கொடுத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்த பின் பயன்படுத்தலாம்.

முதல் ஓட்டம்

புதிய குழாய்களும் குளிர்விப்பானும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை அதிக எண்ணெய் கொள்ளும். ஜீப்பின் அச்சுக்காகச் சம்ப்பின் வடிவம் மாற்றப்பட்டிருந்தால் பழைய அளவுகோலின் குறியை நம்பலாகாது. அளந்து ஊற்றி, கோலில் புதுக் குறி இட வேண்டும். பின்னர் எரிபொருளைத் துண்டித்து, ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து நொடியாக இடைவெளி விட்டுச் சுழற்றி, அழுத்த விளக்கு அணையும் வரை காத்திருந்து, அதன் பின்னரே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, எண்ணெய் மட்டத்தைச் சரிசெய்து, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கலாம். கசிவு இருப்பின் துணி காட்டிக்கொடுக்கும்.

முதல் 500 கிலோமீட்டருக்குப் பின் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுவது நல்லது. கழற்றிய ஃபில்டரை வெட்டி, அதன் மடிப்புகளை விரித்து வெயிலில் பார்த்தால் மினுமினுக்கும் துகள் உண்டா என்பது தெரியும். இது வகுப்பறைக்கும் ஏற்ற பயிற்சி.

நீரினால் குளிரும் வகையைப் பொருத்தியவர்கள் இன்னுமொன்று அறிந்திருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் நீரின் அழுத்தத்தைவிட மிக அதிகம். எனவே உள்ளே ஒரு தகடோ கேஸ்கட்டோ கிழிந்தால் எண்ணெயே நீருக்குள் புகுந்து, ரேடியேட்டரின் வாயில் பழுப்பு நிறக் குழம்பாக மிதக்கும். எஞ்சினை நிறுத்தியதும் எண்ணெய் அழுத்தம் உடனே மறைந்துவிடுகிறது. சூடான நீரின் அழுத்தமோ சிறிது நேரம் நிலைத்திருக்கிறது. அப்போது நீர் எண்ணெய்க்குள் புகும். ஒரே ஓட்டையின் வழியே பகலில் ஒரு திசையிலும் நிறுத்திய பின் எதிர்த்திசையிலும் கசிவு நிகழும் இவ்விந்தையைச் சிலிண்டர் ஹெட் கேஸ்கட் போயிற்று என்று தவறாகக் கருதி, ஹெட்டையே கழற்றியவர்கள் பலர். ஆதலால் வண்டி இரவு முழுவதும் நின்ற பின், காலையில் எஞ்சினைக் கிளப்புமுன், ஆறிய ரேடியேட்டரின் மூடியைத் திறந்தும், எண்ணெய்க் கோலை உருவியும் பார்க்க வேண்டும். கோலில் பால் கலந்தாற்போன்ற நிறம் தெரிந்தால் எஞ்சினைச் சுழற்றாமல், முதலில் குளிர்விப்பானைத் தனியே கழற்றிச் சோதிப்பதே முறை.